தரங்கம்பாடியில் இரண்டு நாள் தங்க என்ன இருக்கிறது?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இது: "தரங்கம்பாடியில் கோட்டையைப் பார்க்க ஒரு மணி நேரம் போதும் என்கிறார்கள். ஓசோன் காற்று நல்லது என்று கேள்விப்பட்டு, மூச்சுத் தொந்தரவு உள்ள அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் தங்கலாம் என்று நினைக்கிறோம். அந்த ஊருக்கென்று தனியாக ஏதாவது இருக்கிறதா, இல்லை அதுவும் ஒரு சின்ன புதுச்சேரிதானா?" நீங்கள் கேட்பது பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் இல்லை என்று நினைக்கிறேன். கோட்டையைப் பார்த்து முடித்த பிறகும் அங்கே இருந்து கவனிக்கும்படி ஒரு ஊர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இருக்கிறது. ஆனால் அது விடுமுறைக்காரர்களுக்காக உருவான ஊர் இல்லை. அதைத் தெரிந்துகொண்டு போனால் இரண்டு நாள் போதாது. தெரியாமல் போனால் ஒரு மணி நேரமே அதிகம்தான்.

என்னைப் பற்றி ஒரு வரி. பழைய கட்டடங்களைப் பழுதுபார்த்துப் பாதுகாக்கிற வேலையில் இருப்பவன் நான். காவிரிக் கடைமடைக் கடற்கரை ஊர்களில் பல வருடங்களாகச் சுண்ணாம்பும் செங்கல்லுமாகப் புழங்கி வருகிறேன். அதனால் கட்டடம், தெரு, ஊரின் அமைப்பு பற்றிச் சொல்வதை நம்பிக்கையோடு சொல்வேன். கடல் நீரோட்டம், உடல்நலம் பற்றிச் சொல்வதைப் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் மூச்சுத் தொந்தரவு என்று எழுதியிருப்பதால் ஓசோனை முதலில் பேசிவிடலாம். தரங்கம்பாடிக் கடற்கரையில் ஓசோன் அதிகம், உலகத்திலேயே இரண்டாவது இடம் என்றெல்லாம் பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். இதை நம்பி மருந்து மாதிரி நினைத்துப் போகாதீர்கள். நமக்கு நல்லது செய்கிற ஓசோன், தலைக்கு மேலே ஏறத்தாழ 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் படலமாக இருந்து புற ஊதாக் கதிரைத் தடுப்பது. தரைக்குப் பக்கத்தில் நாம் சுவாசிக்கிற காற்றில் ஓசோன் சேர்ந்தால் அது மாசு. நம் நாட்டின் காற்றுத் தர விதியிலேயே அதற்கு 8 மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது தொந்தரவைக் கூட்டும், குறைக்காது. கடற்கரை ஓசோன் என்ற நம்பிக்கை ஐரோப்பாவில் பிறந்தது. 1840 வாக்கில் ஷோன்பைன் என்ற வேதியியலாளர் ஓசோனை அடையாளம் கண்டு பெயர் வைத்தார். அதற்குப் பிறகு அங்கிருந்த மருத்துவர்கள் பலர், கடற்காற்றின் வாசனையே ஓசோன்தான், அதுவே நோயைத் தீர்க்கிறது என்று நம்பி நோயாளிகளைக் கடற்கரைக்கு அனுப்பினார்கள். அந்த வாசனையில் பெரும் பங்கு கடலின் நுண்பாசிகளில் இருந்து உண்டாகும் டைமெதில் சல்ஃபைடு என்ற வாயுவினுடையது என்று இப்போது தெரியும்.

அதற்காக அந்தக் காற்று நல்லதே இல்லை என்று சொல்லவில்லை. தொழிற்சாலைப் புகை இல்லை, வாகனம் குறைவு, கடலில் இருந்து தூசியில்லாத காற்று வருகிறது. நகரத்தில் இருந்து போகிறவருக்கு மூச்சு லேசாக இருப்பது போலத் தெரிந்தால் ஆச்சரியமில்லை. ஆனால் ஈரப்பதம் அதிகம், சிலருக்கு அதுவே ஒத்துக்கொள்ளாது. அப்பா பயன்படுத்தும் இன்ஹேலரையும் மாத்திரையையும் எடுத்துக்கொண்டு, அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். நான் மருத்துவன் இல்லை, இதற்கு மேல் சொல்வது சரியாக இருக்காது.

இப்போது ஊருக்கு வருகிறேன். புதுச்சேரியோடு ஒப்பிட்டுக் கேட்டிருந்தீர்கள். இரண்டும் ஐரோப்பியர் நடத்திய கடற்கரை ஊர்கள் என்பதோடு ஒற்றுமை பெரும்பாலும் முடிந்துவிடும். பிரெஞ்சுக்காரர்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை புதுச்சேரியை ஆண்டார்கள். பிறகும் அது ஒரு தலைநகரமாகவே தொடர்ந்தது. தரங்கம்பாடிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. 1620 நவம்பரில் தஞ்சை ரகுநாத நாயக்கரும், டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனின் சார்பில் வந்த தளபதி ஓவே கெடேயும் ஒப்பந்தம் போட்டார்கள். கடலோரமாக ஒரு கோட்டை எழும்பியது, அதுதான் டேன்ஸ்போர்க். தஞ்சைக்கு டேனியர்கள் வருடாவருடம் குத்தகைப் பணம் கட்டியாக வேண்டும். ரகுநாத நாயக்கர் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. இவ்வளவும் ஆவணத்தோடு நிற்கிற செய்தி.

அதற்கு முன்னாலேயே அங்கே ஊர் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வழிகாட்டிகள் பலர் கதையை 1620இல்தான் ஆரம்பிக்கிறார்கள். கடற்கரையில் இருக்கும் மாசிலாமணிநாதர் கோயில் மாறவர்ம குலசேகர பாண்டியன் காலத்தது, பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கம். அங்குள்ள கல்வெட்டு இந்த ஊரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கிறது. பட்டினம் என்ற பெயரோடு வருகிறது என்றால், டேனியர்கள் வெறும் மணல்மேட்டில் வந்து இறங்கவில்லை, ஏற்கெனவே வணிகம் நடந்த கரையில் இறங்கினார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பழைய கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. இன்று நீங்கள் பார்ப்பதில் பெரும்பாலானது பின்னால் புதிதாக எழுப்பியது. முன்னால் அலையைத் தடுக்கப் பாறாங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள்.

அங்கே போகிற எல்லோரும் முதலில் சொல்வது "எவ்வளவு அமைதி!" என்பதுதான். அந்த அமைதி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் ஊரே வேறு மாதிரி தெரியும். பதினெட்டாம் நூற்றாண்டின் பின்பாதியில் தரங்கம்பாடி நல்ல சந்தடியான துறை. பிரிட்டனும் பிரான்சும் மாறி மாறிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது டென்மார்க் நடுநிலை நாடு. அமெரிக்க விடுதலைப் போர் நடந்த ஆண்டுகளில் டேனியக் கொடி பறக்கிற கப்பலில் சரக்கு ஏற்றினால் யாரும் மறிக்க மாட்டார்கள் என்பதால் வியாபாரம் பெருகியது. நீங்கள் பார்க்கப்போகும் பெரிய வீடுகளில் பல அந்தப் பணத்தில் எழும்பியவை. ஊருக்குள் நுழையும் நிலவாயிலும் 1790களில் திரும்பக் கட்டியதுதான். அப்புறம் காற்று திசை மாறியது. நெப்போலியன் காலப் போரில் டென்மார்க்கும் இழுபட, பிரிட்டிஷார் 1801இல் ஒரு முறையும் 1808 முதல் 1815 வரை மறுபடியும் ஊரைப் பிடித்து வைத்திருந்தார்கள். திரும்பக் கிடைத்தபோது வியாபாரம் திரும்பவில்லை. 1845இல் டேனியர்கள் தங்கள் இந்தியக் குடியேற்றங்களை, வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்து, 12.5 லட்சம் ரூபாய்க்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். சில வருடங்கள் மாவட்ட ஆட்சியரின் இருப்பிடமாக இருந்தது, அதுவும் தஞ்சாவூருக்குப் போனது. 1861இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் மிச்சம் இருந்த சரக்கும் அங்கே போய்விட்டது. 1926இல் மாயவரத்தில் இருந்து தரங்கம்பாடிக்கு ஒரு மீட்டர்கேஜ் கிளைப்பாதை போட்டார்கள், 1986இல் அதுவும் நின்றது.

யாருக்கும் இடித்துக் கட்டப் பணம் இல்லை, அதனால்தான் பழைய தெருக்கள் மிஞ்சின. நாம் "பாரம்பரியம்" என்று கைதட்டுகிற ராஜா தெரு, பிழைப்புத் தேடி மக்கள் வெளியேறிய ஊரின் தெரு. இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன். பூட்டிக் கிடக்கும் வீடுகளின் சொந்தக்காரர்கள் பலர் வெளியூரில். பங்காளிகள் பலபேருக்குச் சொந்தமான வீட்டில் ஓட்டை மாற்றக்கூட ஒருவர் முன்வருவது கடினம்.

ராஜா தெருவில் நடக்கும்போது ஒரு காரியம் செய்யுங்கள். வீடுகளின் அழகைப் பார்த்த பிறகு, சுவரின் அடிப்பகுதியை, தரையில் இருந்து இடுப்பு உயரம் வரை குனிந்து பாருங்கள். சில இடங்களில் வெள்ளையாக மாவு மாதிரி உதிரும். உப்புப் பூத்திருக்கிறது என்போம். கடலோர மண்ணில் இருக்கிற உப்புத் தண்ணீரைச் செங்கல் உறிஞ்சி மேலே ஏற்றுகிறது. தண்ணீர் காற்றில் உலர்ந்துவிடும், உப்பு உள்ளேயே படிகமாகி, செங்கல்லை உள்ளிருந்து நெம்பும். சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் ஈரம் அதன் வழியாக வெளியே போகும், உப்பு பூச்சிலேயே தங்கி பூச்சு மட்டும் உதிரும். சில வருடங்களுக்கு ஒருமுறை உதிர்ந்த இடத்தைச் சுரண்டிவிட்டுத் திரும்பப் பூசினால் சுவர் நூறு வருடம் நிற்கும். அந்த உதிரல் சுவரின் நோய் என்று நினைத்து, "கெட்டியாக இருக்கட்டும்" என்று சிமென்ட் பூசிவிடுகிறார்கள். ஈரம் வெளியே போக வழியில்லாமல் மேலே ஏறும், இடுப்பளவில் இருந்தது ஜன்னல் வரை வரும், சிமென்டுக்குப் பின்னால் செங்கல் பொடியாகும். ஒருநாள் பூச்சு பலகையாகப் பெயர்ந்து விழும்போது பின்னால் சுவரே இருக்காது. எங்கே சுண்ணாம்பு, எங்கே சிமென்ட் என்று இரண்டு வீடு பார்த்தால் உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

மேலே தளத்தையும் வாய்ப்புக் கிடைத்தால் அண்ணாந்து பாருங்கள். தேக்கு உத்தரங்கள், அவற்றின் மேல் மெல்லிய சின்னச் செங்கற்களைக் குறுக்காக, விளிம்பில் நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்திருப்பார்கள். மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். அதன் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய் ஊறிய தண்ணீரையும் வெல்லத் தண்ணீரையும் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டி இறுக்குவார்கள். வரிசையாக உட்கார்ந்து ஒரே தாளத்தில் தட்ட வேண்டும், தாளம் தப்பினால் மேடுபள்ளமாகிவிடும். இதைத் தெரிந்த கொத்தனார்கள் இன்று குறைவு. ஊரின் சொத்து என்று கேட்டால் நான் கோட்டையைச் சொல்வதற்கு முன் அந்தக் கைகளைச் சொல்வேன்.

கோல்ட்ஸ்மித் தெரு மாதிரி தமிழ்த் தெருக்களில் வீடுகளின் முகம் வேறு: திண்ணை, மரத்தூண், நாட்டு ஓடு, உள்ளே முற்றம். இவற்றில் சிலவற்றை சுனாமிக்குப் பிறகு, பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு பழைய முறையிலேயே புதுப்பித்தது. டேனிய வீடும் தமிழ் வீடும் ஒரே கொத்தனார் வழி வந்தவை என்பது பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் தெரியும். டேனியர்கள் வரைபடம் கொண்டுவந்திருக்கலாம். சுண்ணாம்பு இடித்ததும் தளம் தட்டியதும் இங்கத்துக்காரர்கள். வெயிலுக்கு வராந்தா வேண்டும் என்பதை வந்தவர்களும் சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள்.

அச்சுக்கூடம் பற்றி ஒரு திருத்தம் சொல்லிவிடுகிறேன், இதைத் தப்பாகச் சொல்கிறவர்கள் அதிகம். "இந்தியாவின் முதல் அச்சகம் தரங்கம்பாடியில்" என்பார்கள். இல்லை. கோவாவில் 1556லேயே அச்சு இயந்திரம் வந்துவிட்டது. தமிழ் எழுத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. தரங்கம்பாடிக்கு உரிய பெருமை வேறு, அதுவும் சின்னதில்லை. 1706 ஜூலையில் சீகன்பால்கும் புளுட்ஷோவும் என்ற இரண்டு ஜெர்மன் கிறிஸ்தவ மதபோதகர்கள் இங்கே வந்து இறங்கினார்கள். சீகன்பால்குக்கு அப்போது இருபத்து நான்கு வயது. தமிழை உள்ளூர்க்காரர்களிடம் உட்கார்ந்து கற்றார். டேனிய ஆளுநரோடு மோதி 1708இல் கோட்டையிலேயே நான்கு மாதம் சிறையில் இருந்தார். ஜெர்மனியின் ஹால்லேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. அவை பெரிதாக இருந்ததால் காகிதம் நிறையத் தின்றன. அதனால் பக்கத்துப் பொறையாறில் சிறிய எழுத்துகளை வார்த்தார்கள், அங்கேயே காகித ஆலையும் வைத்தார்கள். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுதான். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718இல் திறந்தது. அடுத்த பிப்ரவரியில் முப்பத்தாறு வயதில் இறந்து அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கமானார். ஞாயிற்றுக்கிழமை போனால் வழிபாடு முடியும் வரை காத்திருந்து உள்ளே போங்கள். இன்றும் சபை கூடுகிற கோயில் அது, அருங்காட்சியகம் இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் மதிலுக்குள் இருக்கிற ஊர். உயிரோடு இருக்கிற ஊர், கோட்டைக்கு முன்னால் இருக்கும் திடலைத் தாண்டி வடக்கே, மீனவர் குடியிருப்பில் இருக்கிறது. மாவட்டத்து மீனவ கிராமங்களில் தரங்கம்பாடியைத் தலைமை கிராமம் என்பார்கள். பக்கத்து ஊர்களுக்குள் வலை, எல்லை, தொழில் பற்றித் தகராறு வந்தால் கூட்டம் இங்கே கூடுவது வழக்கம். ஊர்ப் பஞ்சாயத்துக்கு இன்றும் மதிப்பு உண்டு. எந்த நாள் யாரும் கடலுக்குப் போகக்கூடாது, கோயில் திருவிழாவுக்கு ஒரு படகுக்கு எவ்வளவு வரி என்பதை எல்லாம் பஞ்சாயத்தார் முடிவு செய்வார்கள்.

இந்த ஊரைப் பார்க்க ஒரு நேரம்தான் இருக்கிறது, விடியற்காலை. கிழக்குக் கடற்கரை என்பதால் சூரியன் கடலில் உதிக்கும். அதைப் படம் எடுத்துவிட்டு அறைக்குத் திரும்பிவிடாதீர்கள். ஃபைபர் படகுகள் கரை ஏறும்போது போய் நில்லுங்கள். படகு மணலில் முட்டியதும் நாலைந்து பேர் தோள் கொடுத்து இழுப்பார்கள். வலையோடு மீனை இறக்கி, பாய்ந்து பாய்ந்து உதறுவார்கள். மத்தி, கானாங்கெளுத்தி, சூடை, நெத்திலி, இடையில் ஒரு வஞ்சிரமோ பாறையோ இருந்தால் அது தனியாகப் போகும். ஏலம் சத்தமாக ஆரம்பித்து மூச்சு விடுவதற்குள் முடிந்துவிடும். விலையைக் கூட்டுகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஒருவர் ஒரு விலை சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார், இன்னொருவர் விரலைக் காட்டுவார், மூன்றாமவர் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு "இது ராத்திரி மீன்" என்பார், விலை அங்கேயே இறங்கும். எடுத்தவர் கூடையில் அள்ளி, கூறு போட்டு, பொறையாறுக்கோ திருக்கடையூருக்கோ முதல் பஸ்ஸைப் பிடிக்கப் போவார். பக்கத்தில் மீன்பிடித் துறைமுகம் வந்த பிறகு இந்த வேலையில் ஒரு பகுதி அங்கே போயிருக்கிறது. எந்தப் பக்கம் படகு வருகிறது என்று முந்தைய நாள் சாயங்காலம் கரையில் வலை பின்னுகிறவரிடம் கேட்டுவிடுங்கள்.

அங்கே நடந்துகொள்ளும் விதம் பற்றிக் கொஞ்சம். நமக்குக் கடற்கரை, அவர்களுக்கு வேலை செய்யும் இடம். மணலில் விரித்திருக்கும் வலையை மிதிக்காதீர்கள். செருப்போடு படகில் ஏறாதீர்கள், பலர் அதைச் சாமி மாதிரி வைத்திருக்கிறார்கள். ஏலம் நடக்கும்போது பெண்களின் முகத்துக்கு நேரே போனை நீட்டாதீர்கள். "எடுக்கட்டுமாம்மா?" என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள், சிரிக்கவும் செய்வார்கள். காற்றைப் பற்றிக் கேட்டால் இன்னும் நன்றாகப் பேசுவார்கள். கொண்டல், கச்சான், வாடை, சோழகம் என்று காற்று எந்தத் திசையில் இருந்து வருகிறதோ அதை வைத்தே அன்றைக்கு எவ்வளவு மீன் படும் என்று சொல்லிவிடுவார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஃபைபர் படகுகள் போகும், ஆனால் சந்தடி குறையும். அந்த மாதங்களில் மீன் விலை அதிகம் என்று கடைக்காரரோடு சண்டை போடாதீர்கள்.

சுனாமியைச் சொல்லாமல் இந்த ஊரைச் சொல்ல முடியாது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தரங்கம்பாடி அப்போது அந்த மாவட்டம்தான், இந்தக் குடியிருப்பில் நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. இறந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் அதிகம். பிறகு கடலில் இருந்து 200 மீட்டருக்குள் இருந்த குடும்பங்களுக்கு உள்ளே தள்ளிப் புது வீடுகள் கட்டிக்கொடுத்தார்கள். உயிருக்குப் பாதுகாப்பு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வாசலில் இருந்து கடலைப் பார்த்து, நிறம் பார்த்து, மீன் கூட்டம் பார்த்துப் போகிற தொழில் அது. படகும் இன்ஜினும் வலையும் கரையில், வீடு தூரத்தில் என்றால் தினசரி வாழ்க்கையே மாறுகிறது. சிலர் பழைய வீட்டை வலை வைக்கும் இடமாக வைத்துக்கொண்டார்கள். மீனவர் விலகிய கரையில் நாளைக்கு விடுதிகள் வந்து உட்காருமோ என்ற பயம் அவர்களிடம் உண்டு. அந்தப் பயத்தை நான் நியாயமாகவே பார்க்கிறேன். கரை நிலத்தில் பெரும்பகுதிக்குப் பட்டா கிடையாது, பரம்பரைப் புழக்கம்தான் உரிமை. டிசம்பர் 26 அன்று இங்கே கடலுக்குப் போக மாட்டார்கள், அமைதி ஊர்வலம் இருக்கும். கிறிஸ்துமஸ் விடுமுறையோடு சேர்த்து அந்த நாளைத் திட்டமிடுகிறவர்கள் பலர். முடிந்தால் வேறு நாள் பாருங்கள்.

கடல் அரிப்பு பற்றிச் சுருக்கமாக. சோழமண்டலக் கரையில் மணல் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவத்தில் வடக்கே நகரும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே வரும். வருடக் கணக்கில் வடக்கே போவதுதான் கூடுதல். நடுவில் கல்லைக் கொட்டி நீட்டினால் தெற்கில் மணல் சேரும், வடக்கில் கரை கரையும். 1980களில் துறைமுகத் தடுப்புச் சுவர்கள் வந்த பிறகு புதுச்சேரி நகரக் கடற்கரை மணலை இழந்தது இப்படித்தான். தரங்கம்பாடியில் எந்தக் கல் எந்த இடத்தை எவ்வளவு பாதிக்கிறது என்று அளந்து சொல்வது கடற்கரைப் பொறியாளர் வேலை, அதில் நான் தலையிட மாட்டேன். உங்களுக்குத் தேவையானது ஒன்றுதான்: பாறைகளைச் சுற்றிச் சுழலும் நீரோட்டம் இருக்கும். காலை நனைக்கலாம், இறங்கிக் குளிக்க வேண்டாம். பிள்ளைகள் வருவதாக இருந்தால் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சரி, திட்டம். ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரை நல்ல காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும், மே மாதம் அப்பாவுக்குத் தாங்காது. வார நாளில் போனால் தெருவே உங்களுடையது. மயிலாடுதுறை ஸ்டேஷனில் இருந்து சுமார் 30 கிலோமீட்டர், காரைக்காலில் இருந்து 15. ஊருக்குள் தங்கும் அறைகள் குறைவு, முன்பே பேசிவிடுங்கள். கிடைக்காவிட்டால் திருக்கடையூரில் பார்க்கலாம், பத்து கிலோமீட்டருக்குள்தான். ஆனால் அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணக் கூட்டம் அங்கே எப்போதும் உண்டு. நல்ல நாளாகப் பார்த்து எல்லோரும் வருவார்கள் என்பதால், நீங்கள் நாள் பார்க்கும்போது முகூர்த்தம் இல்லாத நாளாகப் பாருங்கள். கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்பா அம்மாவால் அதிகம் நடக்க முடியாது என்றால் முதல் நாள் சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் திடலில் உட்கார வையுங்கள். சூரியன் முதுகுப் பக்கம் ஊருக்குள் இறங்குவதால் கடற்கரை சீக்கிரம் குளிர்ந்துவிடும், கண் கூசாது. ராஜா தெரு சமதளம், நிலவாயிலில் இருந்து கோட்டை வரை நிழலில் மெதுவாக நடந்தால் சிரமம் இல்லை. கோட்டைக்குள் மேல் தளத்துக்குப் படி ஏற வேண்டும். அது முடியாவிட்டால் கீழ்த் தளத்துக் கிடங்கு அறைகளும் சிறை அறையும் போதும். மறுநாள் விடியலில் நீங்கள் மட்டும் ஏலத்துக்குப் போய்விட்டு, பத்து மணிக்கு மேல் எல்லோருமாக ஆலயங்களும் தமிழ்த் தெருக்களும் பாருங்கள். ஏலத்தில் மீன் வாங்கினால் சமைத்துத் தருவார்களா என்று விடுதியில் முதல் நாளே கேட்டு வைத்துவிடுங்கள், காலையில் கேட்டால் சமையல்காரருக்குச் சிரமம்.